கத்துற பெட்டி

காத்தாடி சுத்தி கரண்ட் எடுக்கிற கம்பெனி ஒண்ணுல ஒரு குரு இருந்தாங்க. பேரு சகாயமேரி. காவி கிடையாது, கமண்டலம் கிடையாது. காட்டன் சுடிதாரு, கழுத்துல ஐடி கார்டு. கோயம்புத்தூர் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, ஆரல்வாய்மொழி காத்துக்குள்ள கிடந்து காத்தாடிங்களைக் கண்காணிக்கிற சர்வருங்களை மேய்க்கிறதுதான் அவங்க தவம்.

சீடன் பேரு முகைதீன். குருவைவிட வயசுல பெரிய சீடன். அக்கவுண்ட்ஸ்ல வவுச்சர் கட்டுக்குள்ள மூச்சுமுட்டிக் கிடந்தவரு, கெஞ்சிக் கூத்தாடி இந்தப் பக்கம் மாறி வந்திருந்தாரு.

ரூம் மூலையில ஒரு பழைய மோடம். ஆபீஸுக்கு நெட் கொண்டுவர்ற ஃபைபர் கேபிள் பக்கமே அது போகாது. போன் கம்பியில போயி, அந்தக் கோடியில நேரா சர்வருங்களோட முதுகுல செருகியிருக்கும். திங்கட்கிழமை ஆனா குரு டயல் பண்ணிப் பாப்பாங்க.

"கீஈஈஈ... க்ர்ர்ர்ர்... டொய்ங், டொய்ங்... ஷ்ஷ்ஷ்..."

ஆபீஸே காதைப் பொத்திக்கும்.

புதுசா வந்த மேனேஜர் கிருபாகரன் பொத்தல. முகைதீனைக் கூப்பிட்டாரு.

"பாய், ஆக்சுவலா நம்மகிட்ட ஃபைபர் இருக்கு. ஃபைபருக்கு பேக்கப்பா இன்னொரு ஃபைபர் இருக்கு. அப்புறம் யாருக்கு இந்த ஒப்பாரி? சாயங்காலத்துக்குள்ள கழட்டுங்க. முடியலேன்னா வவுச்சர் கட்டு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

முகைதீன் வேகமா ரூமுக்குத் திரும்பினாரு. குருகிட்ட வந்து நின்னாரு.

"என்ன மேடம் செய்யட்டும்?"

குரு சாத்துக்குடி உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. "வேற என்ன சொன்னாரு?"

"ஆடிட் வருதாம். சர்வருக்குள்ள வெளியில இருந்து வர்ற வழியை எல்லாம் அடைக்கணுமாம். நான் மட்டும் போயி வர்ற மாதிரி."

"அடைங்க."

குரு நாற்காலியை விட்டாங்க. முகைதீன் பிஸ்மி சொல்லி உக்காந்தாரு. முதல் வரி அடிச்சாரு: எல்லாரையும் தடு. எண்டர். ரெண்டாவது வரி: என்னை மட்டும் விடு...

அடிக்கிறாரு, எழுத்து விழல. ஸ்கிரீன் கல்லு மாதிரி நிக்குது.

"மேடம், ஃபைபர் போயிருச்சு!"

"பாருங்க."

பாத்தாரு. ரெண்டு ஃபைபர்லயும் பச்சை லைட்டு ஜோரா கண்ணடிக்குது.

"அப்ப சர்வர் செத்துப்போச்சா?"

"நல்லா இருக்கு. நீங்க சொன்னதைத்தான் செய்யுது."

அப்பதான் முகைதீனுக்கு உறைச்சுது. அந்த 'எல்லாரையும்'ல அவரும் ஒருத்தரு.

கதவைத் தள்ளிக்கிட்டு கிருபாகரன் வந்தாரு. "ஸ்கிரீன்ல காத்தாடி ஒண்ணையும் காணோமே! அங்க காத்து ஏறுதாம், எந்தக் காத்தாடியை நிறுத்துறதுன்னு சைட்ல இருக்கிறவன் கேக்குறான். சர்வர் ரூமை அங்கேயே திறந்து பாக்கச் சொல்லுங்க!"

"சர்வர் ரூம் சாவி உங்க டிராயர்ல சார்," குரு சொன்னாங்க. "பாய், டயல் பண்ணுங்க."

"சார் கழட்டச் சொன்னாரே மேடம்."

"கழட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப டயல் பண்ணுங்க. நீங்க அடைச்சது ஃபைபர் வழியை, இது போன் கம்பி."

கீஈஈஈ... க்ர்ர்ர்ர்... டொய்ங், டொய்ங். அன்னைக்கு ஒருத்தரும் காதைப் பொத்தல. எழுத்து ஒண்ணொண்ணா வந்துச்சு, ரேஷன் கடை வரிசை நகர்ற மாதிரி. முகைதீன் அந்த ரெண்டாவது வரியை அடிச்சாரு. காத்தாடி எல்லாம் ஸ்கிரீனுக்குத் திரும்பி வந்துச்சு.

கிருபாகரன் நெத்தியைத் துடைச்சாரு. மூச்சு வந்ததும் முறுக்கும் வந்துச்சு.

"ஓகே. ஆக்சுவலா இது ஒரு தடவை நடந்தது. ஆர்டர் ஆர்டர்தான். பாய், கழட்டுங்க."

முகைதீன் எழுந்து போயி கம்பி மேல கை வெச்சாரு. கையை எடுத்துட்டாரு.

"கழட்ட மாட்டேன் சார்."

"அக்கவுண்ட்ஸ் ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு சார். அனுப்புங்க, போறேன். ஆனா இதுல நான் கை வைக்க மாட்டேன்."

கிருபாகரன் குரு பக்கம் திரும்பினாரு. "நீங்க ஏத்திவிட்டதா இது?"

குரு காலியான நாற்காலியை உருட்டிக்கிட்டு வந்து அவரு முன்னாடி நிறுத்தினாங்க.

"இன்னும் ரெண்டு சர்வர்ல வழி அடைக்கணும் சார். நீங்களே கம்பியைப் பிடுங்கிட்டு, நீங்களே உக்காந்து, நீங்களே எண்டரைத் தட்டுங்க."

கிருபாகரன் நாற்காலியைப் பாத்தாரு. எண்டர் பட்டனைப் பாத்தாரு. போன் அடிச்ச மாதிரி பாக்கெட்டைத் தொட்டுக்கிட்டு வெளிய போனவரு, வவுச்சர் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்ல.

முகைதீன் மூஞ்சி மட்டும் தெளியல.

"மேடம், ரெண்டு ஃபைபரும் நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப நீங்க அதுங்களை நம்பாம இதை வெக்கல. கீபோர்டுல கை வெக்கிறவனை நம்பாமதான் வெச்சிருக்கீங்க. என்னை மாதிரி ஆளை."

குரு பாதி சாத்துக்குடியை அவருகிட்ட நீட்டினாங்க.

"நான் அதை வாங்கி வெச்சப்போ இந்த ரூம்ல என்னைத் தவிர யாருமே இல்லையே, பாய்."