நாற்பத்தொன்று வரை

“இன்னிக்கும் சொர்ணத்தோட சாப்பாடு திரும்பிப் போயிடுச்சு சிஸ்டர்,” என்றாள் மரியபுஷ்பம். “இதோட ஆறு நாள்.”

மனநல வார்டின் பொறுப்பு நர்ஸ் தில்ஷாத் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். மரியபுஷ்பத்தைவிடப் பதினேழு வயது இளையவள். ஆனாலும் இங்கே குரு அவள்தான். மரியபுஷ்பம் இருபத்துநாலு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவள். இந்த வார்டுக்கு வந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

“எத்தனை தடவை கூப்பிட்டீங்கக்கா?”

“பதினொரு தடவை. தொண்டை வத்திப் போச்சு.”

“அவங்க எத்தனை தடவை கை கழுவினாங்க?”

“அதை எண்ணலையே,” என்றாள் மரியபுஷ்பம்.

தில்ஷாத் அடுத்த போர்வையை எடுத்தாள்.

சொர்ணம் ஒரு மாணவர் விடுதியில் சமையல்காரி. தன் கை அழுக்கு யாரையாவது கொன்றுவிடும் என்ற பயம் பிடித்து மூன்று வருஷம். சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடிக்குப் போவாள். லேசில் வரமாட்டாள். சாப்பாட்டு வண்டி பன்னிரண்டரைக்கு வந்து ஒரு மணிக்குப் போய்விடும். எடுத்து மூடி வைத்த சோற்றை அவள் தொடுவதில்லை. தானே உரித்த வாழைப்பழம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு. அவ்வளவுதான். நாற்பத்திரண்டு கிலோவாக வார்டில் சேர்ந்தவள் முப்பத்தொன்பதில் நின்றாள்.

“திங்கட்கிழமை மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்,” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“அந்த ரப்பரை எத்தனை பேர் தொட்டாங்களோ,” என்று சொர்ணம் அன்று முழுக்கப் புலம்பினாள். அது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மரியபுஷ்பம் குழாயடியில் போய் நின்று எண்ணினாள். எண்ணுவது அவளுக்குப் புதிதா? தியேட்டரில் ஒரு பஞ்சு கணக்கில் குறைந்தாலும், எந்த டாக்டர் கத்தினாலும், தையல் போட விட்டதில்லை.

சொர்ணத்தின் உதடுகள் அசைந்தன. பதினாறு. பதினேழு.

“வாம்மா சொர்ணம், சாம்பார் ஆறுது.”

உதடுகள் நின்றன. கை மறுபடி சோப்பைத் தேடியது.

“ஒண்ணு.”

இருபத்துமூன்றில், வாய் சும்மா இருக்காமல், மரியபுஷ்பம் மறுபடி கூப்பிட்டுவிட்டாள்.

“ஒண்ணு.”

மரியபுஷ்பத்துக்குக் காது மடல் சுட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்பத்தொன்றில் சொர்ணம் குழாயை மூடினாள். மணி இரண்டு. வண்டி போயிருந்தது.

“இத்தனை நாளும் அவளைப் பட்டினி போட்டது நான்தான் சிஸ்டர்.”

“நீங்க மட்டுமா? அந்த வண்டியும்தான். நாளைக்குப் பதினொண்ணே முக்காலுக்கே கழுவ அனுப்புங்க.”

“நோய்க்கு நாமளே தீனி போடுற மாதிரி ஆகாதா?”

“நோய்க்கும் அவங்களுக்கும் ஒரே வாய்தானேக்கா. முதல்ல சாப்பிடட்டும்.”

“நான் அங்கே என்ன செய்யணும்?”

“நில்லுங்க.”

“நின்னு?”

“அதைத்தான் சொன்னேன்,” என்றாள் தில்ஷாத்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் குழாய் திறந்தது. மரியபுஷ்பம் பக்கத்தில் நின்றாள். பேசவில்லை.

பேசாமல் நின்றபோதுதான் அந்தக் கைகள் கண்ணில் பட்டன. விரல் கணுக்களில் வெடிப்பு. வலது மோதிர விரலில் ரத்தம் கசிந்தது. சோப்பு படும்போதெல்லாம் சொர்ணம் பல்லைக் கடித்தாள். இருநூறு பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிய கை.

வராந்தாவில் சாப்பாட்டு வண்டி கடகடவென்று வந்தது. சொர்ணம் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“எத்தனை ஆச்சு சிஸ்டர்? விட்டுப்போச்சு.”

மணி பன்னிரண்டரை.

“நீங்கதான் எண்ணுவீங்களே. சொல்லுங்க சிஸ்டர். இல்லன்னா நான் முதல்லேருந்து...”

முதலிலிருந்து என்றால் வண்டி போய்விடும். விடிந்தால் டியூப்.

மரியபுஷ்பம் எண்ணைத் தேடினாள். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அது அங்கே இல்லை.

தில்ஷாத்தைப் பார்த்தாள். அவள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“நான் எண்ணலம்மா.”

“நீங்களா?”

“உன் கையையே பார்த்துட்டு நின்னேன். எனக்கும் விட்டுப்போச்சு.”

“குறைஞ்சிருந்தா? யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?”

ஒன்றும் ஆகாது என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. மரியபுஷ்பம் அதை விழுங்கினாள்.

“தெரியலையேம்மா.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சொர்ணம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கை நீண்டது. சோப்பு வரை போனது. அங்கேயே நின்றது.

“ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க,” என்றாள். “நல்லா எண்ணுனீங்க, போங்க.”

குழாயை மூடினாள்.

“இன்னிக்கு என்ன குழம்பு?”