சிவப்புத் துணி கட்டிய கோல்

சுற்றிலும் உழுதுவிட்டார்கள். மடத்துக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம் மட்டும், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லோடு மிஞ்சியிருந்தது. அவ்வாண்டு அங்கே தங்கிய வானம்பாடிகள் ஒரே இணை.

மடத்தின் குரு சிவகாமவல்லி அம்மையார். சீடர் தணிகைவேல் அவரைவிட மூத்தவர். காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டை முதலில் கண்டவரும் அவரே. மாட்டின் குளம்பு பதிந்த குழி, அதில் புல்லிழைகள், அவற்றின் மேல் மூன்று முட்டைகள்.

"அம்மா, இந்தக் கூட்டை என் பொறுப்பில் விடுங்கள். ஓர் உயிரையாவது உருப்படியாகக் காப்பாற்றிவிட்டுச் சாகிறேன்."

"பறவை உம்மிடம் புகார் கொடுத்ததா?"

தணிகைவேல் கேட்கவில்லை. மாடுகளை வெளியே விரட்டிப் படலைச் சாத்தினார். யாரும் மிதித்துவிடாதபடி கூட்டருகே நீண்ட கோல் ஒன்றை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டினார். காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். புல்லில் ஒற்றையடிப் பாதை விழுந்தது.

ஒருநாள் கோலின்மேல் காக்கை அமர்ந்திருந்தது. குழியில் ஓடுகள் மட்டுமே கிடந்தன.

அவர் மூட்டை கட்டிக்கொண்டு குருவின்முன் வந்து நின்றார்.

"நான் போகிறேன், அம்மா. என் காவலே அந்த உயிர்களைக் கொன்றுவிட்டது."

"அந்த முட்டி வலியோடு எவ்வளவு தூரம் போவீர்?"

அம்மையார் புல்வெளிக்கு நடந்தார். கோலைப் பிடுங்கினார், துணியை அவிழ்த்தார், கோலைச் சீடரிடம் நீட்டினார்.

"ஊன்றி நடக்க நல்ல கோல். போய்ப் படலைத் திறந்து மாடுகளை உள்ளே விடும்."

"மாடுகளையா? மிதித்துவிடுமே!"

"கூடு எதில் இருந்தது?"

தணிகைவேல் அந்தக் குளம்புக் குழியைக் குனிந்து பார்த்தார். படலைத் திறந்தார்.

மழை வந்தது. புல் தளிர்த்து, பாதை மறைந்தது. ஒரு காலையில் அவர் கோலை ஊன்றியபடி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மா! வானம்பாடிப் பெட்டை அலகில் புல்லைக் கவ்விக்கொண்டு இறங்கியது!"

"எங்கே கட்டுகிறது?"

"அதுதான் தெரியவில்லை. ஓரிடத்தில் இறங்கியது, அங்கிருந்து புல்லுக்குள் நடந்தே போய்விட்டது. வேலிக்கு வெளியே நின்று கண் வலிக்கப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் எந்தத் திருடனும் என்னை இப்படி ஏய்த்ததில்லை."

அம்மையார் சிரித்தார்.

"உமக்கே தெரியவில்லை என்றால், காக்கைக்கும் தெரியாது."