படுதா ஓட்டையில் தெரிந்த முகம்

சிரிப்பு நடிகர் மாடக்கண்ணு வாயைத் திறந்தாலே சனம் சிரிக்கும். போன வாரம் ஒரே ஒரு தடவை சிரிப்பில்லாத விஷயத்துக்கு வாயைத் திறந்தார். துறைமுகத்துக்காக உப்பளத் தெருவை இடிப்பது அநியாயம் என்று அந்தத் தெருவிலேயே நின்று டிவிக்காரர்களிடம் சொன்னார். அவ்வளவுதான். கூத்தாடிக்கு எதுக்கு அரசியல் என்று ஊரே பிடித்துக்கொண்டது. அவர் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றிய பையன்களே அதற்குச் செருப்பு மாலை போட்டார்கள். என்ன சனமோ!

வெள்ளிக்கிழமை அவர் படம் வரவேண்டும். மன்னிப்புக் கேட்டு வீடியோ போட்டால்தான் தியேட்டர் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். ஐம்பது வயது மனுஷன், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பஸ் ஏறி, தனக்கு நாடகம் சொல்லிக்கொடுத்த தங்கப்பழம் வாத்தியாரிடம் வந்து அழுதார்.

"மன்னிப்புக் கேட்டுரட்டுமா ஐயா?"

வாத்தியாரின் நாடகக் கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பபூன் மேடையேறுமுன் படுதா ஓட்டை வழியாகக் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே வாடிய முகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அந்த ஒருத்தருக்காகவே ஆட வேண்டும். முன்வரிசை விசிலைக் காதில் வாங்கக் கூடாது.

"அன்னைக்கு யார் முகத்தைப் பார்த்துடே பேசுன?"

இடித்த வீட்டு வாசலில் சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்ததாக மாடக்கண்ணு சொன்னார். பேர்கூடத் தெரியாதாம்.

"அவ உன்னை ஏசினாளா?"

"இல்லைய்யா. கையெடுத்துக் கும்பிட்டா."

வாத்தியார் தன் கதையைச் சொன்னார். தீப்பெட்டி ஆலை வெடித்து ஏழு பேர் செத்த மறுவாரம் அந்த ஊரில் நாடகம். வாத்தியார்தான் பபூன். ஓட்டை வழியே பார்த்தால், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய். முன்வரிசையில் ஆலை முதலாளி. ஆலையைப் பற்றிப் பேச இரண்டு வரி வைத்திருந்தவர், பயந்துபோய் அதை விழுங்கிவிட்டு, வேறு முகத்தைப் பார்த்து ஆடினாராம். நல்ல கைத்தட்டல். முதலாளி பொன்னாடை போர்த்தினார். அந்தத் தாய் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

"முப்பது வருஷமாச்சு. எந்த ஊர்ல எந்தப் படுதாவுல பார்த்தாலும், அவ எழுந்துபோன இடந்தான் தெரியுது."

சொல்லும்போதே வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாடக்கண்ணுவின் போன் அடித்தது. தயாரிப்பாளர்தான். எடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இப்போது என்ன செய்யட்டும் என்று மறுபடியும் கேட்டார்.

"மன்னிப்புத்தானடே, கேளு. ஆனா கேமராவைப் பார்த்துக் கேக்காத. கடிகாரத்தை வச்சுக்கிட்டிருந்தாளே, அவளைக் கூட்டிட்டு வந்து முன்னால உட்கார வையி. அவ முகத்தைப் பார்த்துக்கிட்டே கேளு."