ராஜாவை முந்திய தொப்பை

வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ மந்திரியாகியிருப்பேன். தெரியாததால் மகுடசேகர ராஜாவின் சபையில் விதூஷகனாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ராஜாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் பைத்தியம் பிடித்தது. நாற்பது கடந்தவர்களுக்கென்றே தெப்பக்குளத்தில் வருஷா வருஷம் போட்டி வைத்தார். சங்கத்தில் இருப்பவனும் வரலாம், இல்லாதவனும் வரலாம் என்று தண்டோரா போட்டார்கள். ஆனால் இறங்கியது என்னவோ தளவாய் வீரகேசரியின் நீச்சல் சங்கத்தார் மட்டும்தான். ஜெயித்தது என்னவோ ராஜா மட்டும்தான்.

ஒருநாள் ராஜாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்கள். எனக்காக விட்டுக்கொடுக்கிறீர்களா?"

"சிவ சிவா! உயிரைக் கொடுத்து நீந்துகிறோம் மகாராஜா. தங்கள் வேகம் யாருக்கு வரும்?" என்றார் தளவாய்.

நான் சிரித்துத் தொலைத்தேன்.

"ஆவுடையப்பரே, ஏன் சிரித்தீர்? தளவாய் பொய் சொல்கிறார் என்கிறீரா?"

"அப்படித்தான் தோன்றுகிறது, மகாராஜா."

"அப்படியானால் அடுத்த போட்டியில் நிரூபியும். இல்லையென்றால் இந்தச் சபைப் பக்கமே தலைகாட்டக் கூடாது!"

நுணலும் தன் வாயால் கெடும். சபையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு ஏது? சங்கத்தார் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிப் பார்த்தேன். தளவாய்க்குப் பயந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, எனக்கும்தான் நாற்பது தாண்டிவிட்டதே, நானே இறங்கிவிடுவோம் என்று தளவாயிடம் போய், "என்னையும் சங்கத்தில் சேர்த்து நீச்சல் சொல்லிக்கொடுங்கள்" என்றேன்.

அவர் என் தொப்பையை மேலும் கீழும் பார்த்தார். "ஓய், நீர் இறங்கினால் குளம் கரை உடைந்துவிடும். போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு குட்டையில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நானே கற்றுக்கொண்டேன். நீந்தியதைவிடக் குடித்ததே அதிகம். பக்கத்தில் கிடந்த எருமைகள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசியில் ஒரே ஒரு வித்தை கைவந்தது. கையையும் காலையும் நிறுத்தாமல் அடித்தால் முன்னே போவேன். நிறுத்தினால் கீழே போவேன்.

போட்டி நாள். முரசு கொட்டியதும் குதித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு, தண்ணீரை அடி அடியென்று அடித்தேன். பாதிக் குளத்தில் ஒரு தடவை கண்ணைத் திறந்தால், பக்கத்திலேயே ராஜா! மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். கை படியில் இடித்த பிறகுதான் கரை வந்ததே தெரிந்தது.

எனக்குப் பின்னால் ராஜா இரைக்க இரைக்க வந்து படியைத் தொட்டார். அவருக்கும் பின்னால் சங்கத்தார். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

"ராஜத் துரோகி! மகாராஜாவையா முந்தினாய்?" என்று கத்தினார் தளவாய்.

ராஜாவின் முகம் சிவந்திருந்தது. "என்னைத் தோற்கடிக்க உமக்கு அவ்வளவு ஆசையா, ஆவுடையப்பரே?"

நான் கைகூப்பினேன். "ஐயோ மகாராஜா! தங்களைப் பக்கத்தில் பார்த்ததுமே தோற்றுவிடத்தான் ஆசைப்பட்டேன். முடியவில்லையே! நான் மெதுவாகப் போனால் மூழ்கிவிடுவேன். தளவாய்க்கு அந்தக் கஷ்டமில்லை. எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போவார். தோற்பதற்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமே, மகாராஜா!"

ராஜா மெல்லத் திரும்பித் தளவாயைப் பார்த்தார். தளவாய் தண்ணீரைப் பார்த்தார். பிறகு ராஜா சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், குளமே அதிர்ந்தது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அந்தக் கனம் தாங்காமல் நான் படியில் வழுக்கிக் குளத்துக்குள் போனேன். ராஜாதான் குடுமியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.