மேனேஜரின் போன்

சேலை விற்கும் வலைத்தளம் ஒன்றுக்குத் தணிகாசலம் மேனேஜர். புதிதாகச் சேர்ந்த பிலோமினாவை அழைத்தார்.

"தளத்துல நடக்கறதையெல்லாம் பதியற லாக் லைப்ரரிங்கற மென்பொருளை இன்னிக்கே சேர்த்துடு. எல்லாம் என் போனுக்கு வரணும். எனக்குத் தெரியாம ஒரு துரும்பு அசைஞ்சாலும் உனக்கு வேலை இல்ல."

"பெரிய பிழை மட்டும் உங்க போனுக்கு வந்தாப் போதுமே, சார்?"

"எல்லாம் வரணும்னேன்!"

"சரிங்க சார்" என்று அப்படியே அமைத்து வைத்தாள்.

மறுநாள் முதலாளியம்மா முன்னால் அவர் வாயைத் திறந்ததும் போன் கத்தியது. யாரோ பச்சைச் சேலை பார்த்தார்களாம். மறுபடி கத்தியது, நீலம் பார்த்தார்களாம். நிற்கவேயில்லை.

"என்ன தணிகாசலம், மொத்தக் கடையும் உங்க பாக்கெட்லயா?" என்று முதலாளியம்மா சிரித்தார்.

தணிகாசலம் வியர்த்துப்போய் பிலோமினாவிடம் ஓடினார். "தாயே, எனக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கட்டும்!"

"அப்படி நடந்தா எனக்கு வேலை இல்லைன்னீங்களே, சார்?"

"இருக்கும்மா, இருக்கு!"

அவள் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். போன் வாயை மூடிக்கொண்டது.