டேங்க் மூடியின் சாவி

கொல்லிமலை ஏற்றத்தில் அந்தப் பழைய டீசல் கார் மூன்றாம் முறையாக இழுக்காமல் திணறி, பள்ளத்துப் பக்கம் பின்னால் உருண்டது. டிரைவர் செங்கோடன் பிரேக்கை மிதித்து நிறுத்தினான்.

மில் முதலாளி நல்லுசாமி இறங்கினார். "டீசலத் திருடிட்டியாடா? வண்டியக் கெடுத்தவன் கைய முறிக்காம விடமாட்டேன்!"

சொன்னால் செய்கிறவர். போன வருஷம் வாட்ச்மேன் கையை முறித்தவர்.

தன் சாவியால் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டுப் பார்த்தார். டீசல் நிறைய இருந்தது.

செங்கோடனுக்கு ஒன்று உறைத்தது. இவர் திறந்து பார்த்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் வண்டி ஓடுகிறது.

"முதலாளி, இந்தத் தடவை பூட்டாம, துணியால மட்டும் மூடிட்டுப் போலாங்க. நின்னா என் கைய முறிச்சுக்குங்க."

கார் நிற்காமல் மலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

"எப்படிடா?"

"மூடியில காத்துப் போற ஓட்டைய யாரோ அடைச்சிருக்காங்க. காத்துப் போகலைன்னா டீசல் இஞ்சினுக்கு வராதுங்க."

"நான்தான்டா அடைச்சேன்! அது வழியா நீ டீசல உறிஞ்சிருவியோன்னு..." முதலாளி பாதியில் நிறுத்தினார். ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது.

செங்கோடன் பயம் தெளியாமலே கேட்டான்:

"எந்தக் கையால அடைச்சீங்க, முதலாளி?"