தச்சப்பன் கட்டாத வீடு

குளக்கரை நாவல் மரத்தில் தச்சப்பன் என்றொரு மரங்கொத்தி இருந்தது. மரத்தைக் குடைந்து வீடு செய்து விற்பது அதன் தொழில். குடைவதைவிட விற்பதில்தான் அது கெட்டி.

மாசி மாதம் சிங்காரம் என்ற மைனா அதனிடம் வந்தது.

"வைகாசியில் என் மனைவி கோமளம் முட்டை இடுவாள். ஒரு பொந்து வேண்டும்!"

"உங்களுக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன் சார்! மூன்றாவது கிளை, கிழக்குப் பார்த்த வாசல், குளத்துக் காற்று! தினம் பத்துப் புழு தவணை. இன்றைக்கே பதிந்தால் பால்கனி இலவசம்!"

பால்கனி என்ற வார்த்தையிலேயே சிங்காரம் விழுந்துவிட்டது. அன்று முதல் காலையில் பத்துப் புழு தச்சப்பன் வாய்க்குப் போனது. மைனாக்கள் அரை வயிற்றோடு கிடந்தன.

பங்குனி வந்தது. "பங்குனியில் யாராவது வீட்டு வேலை தொடங்குவார்களா?" என்றது தச்சப்பன்.

சித்திரை வந்தது. "இந்த வெயிலில் கொத்தினால் மரம் விரிசல் விடும் சார்!" என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டது.

கோமளத்துக்குப் பொறுக்கவில்லை. வீட்டைப் பார்க்க நேரில் போனது. பட்டையில் அலகால் கீறிய ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"உள்ளே வாங்கம்மா!" என்றது தச்சப்பன்.

"எதற்குள்ளே?"

"மனசில் நினைத்துப் பாருங்கள்! இது ஹால். அது படுக்கையறை!"

"முட்டையையும் மனசிலேயே இட்டுக்கொள்ளவா?"

கோமளம் திரும்பி வந்து சொன்னது: "என்னங்க, நாளையிலிருந்து புழு கிடையாது."

"ஐயோ! இதுவரை கொடுத்தது வீணாகிவிடுமே!" என்று சிங்காரம் அலறியது.

"கொடுத்ததெல்லாம் அவர் தொப்பையில் பத்திரமாக இருக்கிறது. கொஞ்சம் கரையட்டும்!"

மூன்று நாள் புழு போகவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்தே தின்ற தச்சப்பனுக்கு இரை தேடும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. நாலாம் நாள் தள்ளாடியபடி வந்தது.

"அம்மா, தவணை?"

"எதற்கு அண்ணே தவணை? நீங்கள் வட்டம் போட்டீர்களே, அதற்குள் கொழுத்த புழுக்கள் நெளிகிற சத்தம் கேட்டேன். என் அலகு எட்டாது. உங்களுக்கு எட்டுமே!"

அது பொய்யில்லை. புழுக்கள் இருந்தன, ஆழத்தில்.

தச்சப்பன் பறந்தது. டொக்! டொக்! டொக்! ஒரு புழு கிடைத்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பசி விடவில்லை. எட்டு நாள் ராட்சசன் மாதிரி குடைந்தது. தொப்பை கரைந்தது, பொந்து பெருத்தது. ஒன்பதாம் நாள் காலை, மூச்சு வாங்க அது வெளியே வந்து உட்கார்ந்தது.

அந்த இடைவெளியில் கோமளம் உள்ளே புகுந்து, நாலு காய்ந்த புல்லைப் பரப்பி, முட்டையும் இட்டுவிட்டது.

"அம்மா! உள்ளே இன்னும் ஒரு புழு பாக்கி இருக்கிறது!" என்று கெஞ்சியது தச்சப்பன்.

"வாசலில் நின்று பேசுங்கள் அண்ணே. இது குடும்பம் இருக்கிற வீடு!"

சிங்காரம் மட்டும் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து கேட்டது: "பால்கனி எங்கே?"

வேலை நடக்கும் முன்பே கூலியை ஊட்டிவிட்டால், வளர்வது வாங்கியவன் தொப்பைதான், கொடுத்தவன் வீடு அல்ல.